யார் வீட்டுப் பணம்?

அவர் இறந்துவிட்டார் என்று போனில் சொன்னபோது நான் தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். மற்றக் கையையும் தைத்து, பிசிறு நூலை வெட்டிவிட்டுத்தான் எழுந்தேன். எங்கள் பக்கம் பகையாளி வீட்டுக் கேதத்துக்குக்கூடப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள். நான் போகவில்லை.

ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். பெயரை எழுத எனக்கு மனமில்லை. அரசு அலுவலகம் ஒன்றின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் சொந்த ஊரான எங்கள் பஞ்சாயத்துக்கே வந்து வீடு கட்டிக்கொண்டார். கழுகுமலைக்கும் கயத்தாற்றுக்கும் நடுவில் உள்ள கரிசல் காட்டு ஊர் அது. பஞ்சாயத்தின் பெரிய ஊரில் அவர் இருந்தார். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தெற்கே, பாறைக் கரட்டுக்கு அடியில், இருபத்தாறு வீடுகள் கொண்ட எங்கள் கரட்டூர். ஆடு வளர்ப்பவர்கள் நாங்கள். மழை பெய்தால் கொஞ்சம் உளுந்தும் மக்காச்சோளமும் போடுவோம். பஞ்சாயத்தில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் என்னை நிறுத்தினார்கள். வேறு யாரும் நிற்கவில்லை. அப்படித்தான் நான் வார்டு மெம்பர் ஆனேன், அவருடைய கண்ணிலும் பட்டேன்.

ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைச் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் சொந்தத் தண்ணீர் பாட்டில் கூட வரும். தப்பித்தவறி ஒரு டீயைக் குடித்துவிட்டால், கிளம்பும்போது கிளாசுக்குப் பக்கத்தில் சில்லறையை வைத்துவிடுவார். வேண்டாம் என்றால், "ஓசியில குடிக்கது பழக்கமில்லம்மா" என்பார். வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரிக்கு முகம் செத்துப்போகும். அவர் அதைக் கவனித்ததே இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்.

பொங்கலுக்கு ரேசன் கடையில் கொடுக்கும் கரும்பை அவர் வாங்கியதில்லை. எல்லோருக்கும் உள்ள இலவச மின்சார யூனிட் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கிணற்று மோட்டாருக்கு விவசாயிகளுக்கு உள்ள கட்டணமில்லாக் கரண்டையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, டீசல் இஞ்சின் வைத்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. நாலு ஏக்கரும் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. அது அவர் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம்.

இதையெல்லாம் கேட்டால் மெச்சத்தான் தோன்றும். நானும் மெச்சியிருக்கிறேன். தனக்கு வேண்டாம் என்பதோடு அவர் நின்றிருந்தால் இன்றைக்கும் மெச்சுவேன்.

எந்தப் பேச்சிலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "யார் வீட்டுப் பணம்?" தெருவிளக்கு போட வேண்டும் என்றால், யார் வீட்டுப் பணம். அங்கன்வாடிக்கு மின்விசிறி என்றால், யார் வீட்டுப் பணம். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். அரசாங்கப் பணம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "அரசாங்கம் அச்சடிச்சா குடுக்கு? எங்கயோ ஒருத்தன் தீப்பெட்டி வாங்கும்போது குடுத்த வரி. அவன் கிட்ட கேட்டீங்களா?"

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவர் மனைவி எங்களுக்கு மதினி. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன மனுஷி. மாதம் ஒரு முறை கோவில்பட்டிக்கு வைத்தியத்துக்குப் போவார். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பஸ் அவர்கள் தெருமுனையிலேயே நிற்கும். அதில் ஏறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். காசு கொடுத்துத்தான் போக வேண்டும், கண்டக்டரோ பெண்களிடம் காசு வாங்க மாட்டார். ஆகவே மதினி அரை கிலோமீட்டர் நொண்டி நடந்து, மெயின் ரோட்டில் மினி பஸ்ஸுக்காக நிற்பார்.

ஒரு நாள் நான் டவுன் பஸ்ஸில் போகும்போது மதினி அடுத்த நிறுத்தத்தில் ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவிய கிட்ட சொல்லிராதட்டி. இன்னைக்கு மெயின் ரோடு வர நடக்க முடியல."

"நான் எதுக்கு மதினி சொல்லப் போறேன்."

"மினி பஸ்சுக்குக் குடுத்த காச என்ன செய்யன்னு தெரியல. வீட்டுக்குக் கொண்டுபோனா கேப்பாவ."

அந்தக் காசில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் வடை சாப்பிட்டோம். அறுபது வயதுப் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வாயைத் துடைத்துத் துடைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

அவரால் எங்களுக்கு ஒரு நல்லதும் நடந்தது. அதையும் மறைக்கக் கூடாது. கரட்டூரில் ஆழ்துளைக் கிணறு போட்டதாக ஒரு காண்ட்ராக்டர் பில் வாங்கியிருந்தார். எங்கள் ஊரில் கிணறும் இல்லை, குழாயும் இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணாச்சி தகவல் கேட்டு மனு போட்டு, காகிதத்தை வாங்கி, மொபெட்டில் வந்து இறங்கி, "உங்க ஊர்ல போர் எங்கன இருக்கு, காட்டுங்க" என்றார். இல்லாத கிணற்றைத் தேடி எங்கள் தெருக்களில் அவர் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மாதம் விடாமல் அலைந்தார். கடைசியில் காண்ட்ராக்டர் உண்மையிலேயே வந்து கிணறு போட்டார். தண்ணீர் வந்த அன்று நான் அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொன்னேன்.

"உங்களுக்காகச் செய்யலம்மா" என்றார். "பில்லுக்காகச் செஞ்சேன்."

தன்னடக்கமாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளதைத்தான் சொன்னார் என்பது தெரிய இரண்டு வருடம் ஆனது.

கரட்டூரில் செல்போன் சிக்னல் கிடையாது. கரடு மறைக்கிறது. ரேசன் கடைக்காரர் வாரம் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வருவார். விரல்ரேகை வைக்கும் மெஷினுக்கு நெட் வேண்டும். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கரட்டில் பாதி ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்வார். பெண்கள் எல்லோரும் வெயிலில் பாறை மேல் வரிசையாக நின்று ரேகை வைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து அரிசி வாங்குவோம். நூறுநாள் வேலைக்கு வருகைப் பதிவும் போனில்தான். ஆட்டுக்குக் காப்பீடு, பயிர்க் காப்பீடு, பிள்ளைகளின் சாதிச் சான்று, எல்லாம் போனில்தான். அரசாங்கமே எல்லாவற்றையும் நெட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. எங்களிடம் மட்டும் சாவி இல்லை.

பெரிய ஊர் பஞ்சாயத்து அலுவலகம் வரை அரசாங்க ஃபைபர் வயர் வந்திருந்தது. அதைப் பஞ்சாயத்துப் பொதுநிதியில் கரட்டூர் வரை இழுக்க வேண்டும் என்று கிராமசபையில் நான் தீர்மானம் கொண்டுவந்தேன். மைக்கைப் பிடித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் அவர் எழுந்தார்.

"யார் வீட்டுப் பணம்?"

"எல்லார் வீட்டுப் பணமுந்தான் அண்ணாச்சி. எங்க வீட்டுப் பணமும் அதுல இருக்கு."

"இருபத்தாறு வீட்டுக்கு மூணு கிலோமீட்டர் வயர். வேணுங்கிறவிய காசு போட்டு இழுத்துக்கிடட்டும். நான் தடுக்கல."

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "உங்க வீட்டுக் குழாய்ல தாமிரபரணித் தண்ணி வருதே, அது யார் வீட்டுப் பணம்?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"தண்ணி உயிர். நெட்டு உயிரில்ல. படம் பாக்கதுக்கு ஊர்ப் பணமா?"

"ரேசன் அரிசி உயிரா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நெட்டு இல்லாம ரேகை விழாது. ரேகை விழாம அரிசி விழாது. பாறையில வந்து நின்னு பாருங்க."

"அப்ப ரேகை மெஷின் வேண்டாம்னு தீர்மானம் போடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. ஒரே மாதத்தில் அவர் மனுவும் போய்ச் சேர்ந்தது. பொதுநிதியை இந்தச் செலவுக்கு எடுக்க எந்த விதி இடம் தருகிறது என்று கேட்டு, எட்டுப் பக்கம், கையால் எழுதியது. மேலிடத்தில் பயந்துபோய் வேலையை நிறுத்திவைத்தார்கள். அவருக்கு இதில் பத்துப் பைசா லாபமில்லை. ஒருவர்மேல் விரோதமும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். லஞ்சம் வாங்கித் தடுத்திருந்தால் திட்டவாவது ஒரு சொல் இருந்திருக்கும்.

என் மகள் மாரிச்செல்வி அந்த வருடம் பன்னிரண்டு முடித்து நர்சிங்குக்குப் போட்டிருந்தாள். நல்ல மார்க். கோவில்பட்டியில் ஒரு நெட் கடையில் விண்ணப்பித்துவிட்டு, இடம் கிடைத்தால் போனுக்குச் செய்தி வரும் என்று காத்திருந்தோம். தினமும் சாயங்காலம் அவள் கரட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வருவாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பது அந்த மண்ணில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு எட்டு வைத்தால் காலோடு ஒரு கூடை மண் வரும். பஸ் நின்றுவிட்டது. பாறை வழுக்கும் என்று நான்தான் அவளை ஏறவிடவில்லை. மூன்றாம் நாள் மழை வெறித்ததும் ஏறினாள். செய்தி வந்து கிடந்தது. தூத்துக்குடியில் அரசுக் கல்லூரி. இரண்டு நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிந்துவிட்டது.

கீழே இறங்கி வந்து அவள் அழவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டாள். சென்னைக்குப் போன் போட்டோம், மனு கொடுத்தோம். இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

நான் அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். சேறு முழங்கால் வரை. வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா அது வேற, இது வேற."

"எது அண்ணாச்சி வேற?"

"பிள்ளைக்கு நல்லது வேணும்னா கோவில்பட்டியில ஒரு ரூம் எடுத்துப் பத்து நாள் தங்க வச்சிருக்கணும். அதுக்கு ஊர்ப் பணம் பொறுப்பாகாது."

உள்ளே மதினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி திரும்பிப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டார். நான் அன்றைக்கு அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்படிக் கும்பிட்டால் இனி இந்த வாசல்படி ஏற மாட்டேன் என்று அர்த்தம், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

மாரிச்செல்வி ஒரு வருடம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினாள். மறு வருடம் கோவில்பட்டியில் பி.காம். சேர்ந்தாள். இப்போது ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். நர்ஸ்கள் யாராவது வெள்ளை உடுப்போடு பஸ்ஸில் ஏறினால் இன்றும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அவர் சொன்னதையும் செய்து பார்த்தோம். காசு போட்டு இழுத்துக்கொள்ளுங்கள் என்றாரே, பதினொரு வீடு சேர்ந்து கேபிள்காரரைப் பிடித்தோம். அவரும் வயர் இழுத்துக் கொடுத்தார். ஐந்து மாதம் நன்றாக வந்தது. ஆடிக் காற்றில் நாலு இடத்தில் அறுந்தது. கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பதினோரு வீட்டுக்கு மூணு கிலோமீட்டர் ஏறி இறங்கினா எனக்கு என்னக்கா மிஞ்சும்?" அவரைக் குறை சொல்ல முடியாது. மிச்ச வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு என்னிடம் சொன்னது: "அவனுக்கே கட்டலைன்னா, அது தேவையில்லைன்னு அர்த்தம்மா. கணக்கு பொய் சொல்லாது."

பாறையில் நின்ற முப்பது பெண்களைவிட அந்தக் கணக்கு அவருக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு மாவட்டத்திலிருந்தே ஒரு திட்டத்தில் எங்கள் ஊருக்கு ஃபைபர் அனுமதியானது. பஞ்சாயத்து நிதி இல்லை என்பதால் அவரால் தடுக்க முடியவில்லை. மின்கம்பங்கள் வழியாக வயர் வந்தது. அங்கன்வாடியில் ஒரு பெட்டி வைத்தார்கள். முதல் நாள் ரேசன் கடைக்காரர் மெஷினை அங்கன்வாடி வாசலில் வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் நிழலில் நின்று ரேகை வைத்தோம். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

வயர் தெற்குத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. அங்கே ஏழு வீடு. அப்புறம் வரும் என்றார்கள்.

பத்தாம் நாள் அவர் மொபெட்டில் வந்தார். அந்த வயரின் மேல் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. பெரிய ஊரில் தொடங்கும் இடத்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊர்க் கடைசிக் கம்பத்தில் ஏணி வைத்து ஏறி, அந்த எண்ணையும் வாசித்து, இரண்டையும் கழித்துப் பார்த்தார். எழுபது வயது ஆள். கால் நடுங்கியது. ஏணியை நான்தான் பிடித்திருந்தேன்.

"பில்லு மூவாயிரத்து முந்நூறு மீட்டருக்கு" என்றார் இறங்கி வந்து. "கம்பத்துல மூவாயிரந்தான் இருக்கு."

அடுத்த வாரமே மனு. ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் விசாரணைக்கு வந்தார். அவர் கம்பத்தில் ஏறவில்லை. டேப்பை வெளியே எடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெம்பரம்மா, குறைவுன்னு எழுதினா வேலை முழுசுக்கும் தடை. லைனை ஆஃப் பண்ணிருவாவ. விசாரணை முடிய ரெண்டு வருசமோ மூணு வருசமோ. சரியா இருக்குன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கோட முடிஞ்சுது. தெக்குத் தெருவ பெறகு பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். எட்டுப் பக்க மனு, சேறு ஒட்டிய என் கால், குழை ஒடிக்கப் போன மகள், எல்லாம் ஒரே நேரத்தில் நினைவில் வந்தது. தெற்குத் தெரு ஏழு வீடும் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

ஓவர்சியர் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"எத்தனை மீட்டர்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் போட்டீங்க."

"ஆமா அண்ணாச்சி. உங்களுக்கு பில்லு. எனக்கு லைன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வட்டாரத்தில் எத்தனையோ பேரிடம் பார்த்த ஒன்றை இன்னொரு இடத்திலும் பார்த்துவிட்டதுபோல ஒரு சலிப்பு. மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் போட்ட மனுக்களில் ஆதாரமில்லை என்று தள்ளுபடியானது அது ஒன்றுதான் என்று பிறகு சொன்னார்கள். அதற்குப் பின் கரட்டூருக்கு அவர் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அடுத்த வருடம் மாரடைப்பு. மதினி இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறார்.

என் பதவிக்காலமும் முடிந்தது. தெற்குத் தெருவுக்கு வயர் வரவில்லை. காகிதத்தில் அங்கே வயர் இருக்கிறது. இருக்கிற வயரை மறுபடியும் யார் இழுப்பார்கள்? ஓவர்சியர் மாறிப் போய்விட்டார். அங்கன்வாடி பூட்டியிருக்கும் நாட்களில், ஆட்டுக் காப்பீட்டுக்குப் படம் அனுப்ப அந்த ஏழு வீட்டுப் பெண்கள் இன்னும் கரட்டில்தான் ஏறுகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்தாள். முட்டியில் சிராய்ப்பு. பாறையில் சறுக்கிவிட்டதாம்.

"எங்க பக்கம் எப்பக்கா வரும்?" என்று கேட்டாள்.

அளவெடுக்கும் டேப்பை அவள் தோளில் வைத்தபடி நின்றேன். என் கையெழுத்து மட்டும் இல்லையென்றால் அண்ணாச்சி அந்த முந்நூறு மீட்டரை விட்டிருக்க மாட்டார். அந்தப் பெண்ணின் முட்டிக்காக அல்ல. அந்த ஏழு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பியிருக்க மாட்டார். அதை நினைத்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். தெற்குத் தெருவுக்கு இணைப்பு வேண்டும் என்று தொடங்கினேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அங்கே வயர் இல்லை என்று எழுத வேண்டும் என்றால், இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது யார் என்றும் எழுத வேண்டும். தாளைக் கிழித்தேன். மாரிச்செல்வி வேலை முடிந்து வந்து, என்னம்மா என்று கேட்டாள். சொன்னேன். அவள் இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

கையெழுத்துப் போட்டது நான்தான் என்று என் பெயரை முதலில் எழுதிவிட்டு, மற்றதை எழுதினேன். மறுநாள் காலையில் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.